என் ஓட்டு நெட் லேண்டுக்கு

ஜூல்ஸ் வெர்னின் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ கதையில் யார் நல்ல நண்பன் என்று கேட்டால், படித்தவர்களில் பெரும்பாலானோர் கான்செய் என்பார்கள். பிரெஞ்சுப் பேராசிரியர் அரோனாக்ஸ் கப்பலிலிருந்து கடலில் விழுந்ததும் பின்னாலேயே போனவன். சரி, பெரிய விஷயம்தான். ஆனால் அவன் வேலைக்காரன். முதலாளியை ‘நீங்கள்’ என்றுகூட அழைக்க மாட்டான், ‘ஐயா விரும்பினால்’ என்று படர்க்கையில்தான் பேசுவான். விசுவாசத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. நட்பென்று வந்தால் என் ஓட்டு நெட் லேண்டுக்குத்தான்.

நெட், கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த, திமிங்கில வேட்டை ஈட்டிக்காரன். முன்கோபி. பேராசிரியருக்கும் அவனுக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. ஆனால் அவன் வாயில் பழைய பிரெஞ்சு வருகிறது, அதைக் கேட்கவே இவருக்கு ஆசை. பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மும்பைத் தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாதர் ஸ்டேஷன் நெரிசலில் யாரோ போனில் “ஏலே, எங்க நிக்க?” என்று கத்தினால் நம் கழுத்து தானாகத் திரும்பும். ஊர் விசாரிப்போம், அப்புறம் நம்பர் வாங்குவோம்.

கேப்டன் நெமோவின் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸுக்குள் மூவரும் மாட்டிக்கொண்ட பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது. பேராசிரியருக்கு அது சொர்க்கம்: பன்னிரண்டாயிரம் புத்தகங்கள், கண்ணாடிக்கு அப்பால் உயிரோடு மீன்கள். நெட்டுக்கு அது ஜெயில். தப்பிப்பதா இருப்பதா என்று இருவரும் வாதாடும்போது கான்செயிடம் கேட்கிறார்கள். தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, பெரும்பான்மைக்கு என்னை எண்ணாதீர்கள் என்கிறான். நோட்டா!

செம்பூரில் நான் இருந்த பேச்சிலர் அறையிலும் ஒரு நெட் லேண்ட் இருந்தான். நெல்லைக்காரன். எங்களைச் சேர்த்து வைத்தது வாடகைதான். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் நேரம் மனப்பாடம் அவனுக்கு. “இந்த ஊர் உன்னைத் தின்னுட்டிருக்கு, உனக்குத் தெரியலை” என்பான். எரிச்சலாக வரும். வள்ளுவர் ‘மேற்சென்று இடித்தற்பொருட்டு’ என்கிறாரே, அது இந்த எரிச்சலைத்தான்.

ஸ்பெயின் கரையை ஒட்டிப் போகும்போது நெட் துடுப்பு, பாய்மரம், சாப்பாடு எல்லாவற்றையும் படகில் சேர்த்துவிட்டுப் பேராசிரியரிடம் வந்து ‘இன்றிரவு’ என்கிறான். அவருக்கு மனமே இல்லை, அவனுக்கும் அது தெரியும். இருந்தும் அவரை விட்டுவிட்டுப் போகிற யோசனை அவனிடம் இல்லை. அந்தத் திட்டம் பலிக்கவில்லை என்பது வேறு.

தென்துருவப் பனிக்கடியில் சிக்கிக் காற்று தீர்ந்துபோகும் அத்தியாயம்தான் எனக்கு உச்சம். சுவாசக் கருவியின் அடியில் மிஞ்சிய கொஞ்சக் காற்றை நெட்டும் கான்செயும் தாங்கள் இழுக்காமல் பேராசிரியருக்குக் கொடுக்கிறார்கள். பிழைத்தெழுந்து, உங்களுக்கு என்றென்றும் கடன்பட்டிருக்கிறேன் என்று அவர் உருகுகிறார். நெட் அழவில்லை. அந்தக் கடனை வசூலிப்பேன், இந்தச் சனியன் பிடித்த கப்பலை விட்டுப் போகும்போது உங்களையும் இழுத்துக்கொண்டு போவேன் என்கிறான்.

நெமோவோடு வைத்துப் பாருங்கள். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சுறாவிடமிருந்து நெமோவைக் காப்பாற்றியவன் நெட். பிறகு ராட்சதக் கணவாயிடமிருந்து அவனை நெமோ காப்பாற்றுகிறார். கணக்கு நேர். அதற்கு மேல் அவர்களுக்குள் ஒன்றும் வளரவில்லை. நெமோ தனியாள், அவரைப் போய் நட்புக்கு உதாரணம் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான்.

கான்செய்க்கும் நியாயம் செய்ய வேண்டும். கடைசி நாட்களில் ஊர் ஏக்கத்தில் நெட் பேச்சையே நிறுத்திவிட, எங்கே உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று கண் அகலாமல் காவல் இருந்தவன் அவன்தான். அந்த இடத்தில் அவன் யாருக்கும் வேலைக்காரன் இல்லை.

என் கோபமெல்லாம் பேராசிரியர் மேல்தான். நார்வே கடலில் தப்பி, லொஃபோட்டன் தீவில் ஒரு மீனவர் குடிசையில் கண் விழிக்கிறார். இரண்டு பேரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதன்பிறகு கடைசி வரியில், கடலின் ஆழத்தை அறிந்ததாகச் சொல்லும் உரிமை உலகில் இரண்டே பேருக்குத்தான் என்று எழுதுகிறார்: கேப்டன் நெமோவும் நானும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவரும் அப்போது எந்தக் கடலில் இருந்தார்களாம்?