குலை வெட்ட இயந்திரம் வரும் என்றார்கள், வந்தது வண்டு

2020-க்குள் செம்பனை (பாமாயில் தரும் மரம்) தோட்டத்தில் இயந்திரமே பழக்குலை வெட்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள், நடக்கவில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஏன் நடக்கவில்லை என்பதை மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைக் காட்டில் நின்று பார்த்தாலே புரியும். மரத்தடியில் உதிரிப் பழம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் குலை பழுத்ததை முடிவு செய்கிறோம். பிறகு, குலையைத் தாங்கும் மட்டையை முதலில் வெட்டி, அப்புறம் காம்பில் கத்தியைப் போட வேண்டும். மோட்டார் பொருத்திய காந்தாஸ் கத்தி குட்டை மரத்துக்கு அருமை. மரம் உயர உயரக் கோல் நீளும், வளையும், நுனி ஆடும். கத்தி காம்பை விட்டு மட்டையில் மாட்டும். சரிவு நிலத்தில் நிற்பதே பெரும்பாடு. வெட்டி முடிந்தாலும் உதிரி பொறுக்கக் குனிந்தே ஆக வேண்டும். அடிபட்ட பழம் ஆலைக்குத் தாமதமாகப் போனால் எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும்.

யாரும் எதிர்பார்க்காத மாற்றம் வேறு பக்கம் வந்தது! முன்பு பெண் பூவுக்கு மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து ஆள் வைத்துத் தூவினார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த சிறு வண்டை இங்கே விட்டதும், அதுவே மகரந்தத்தைச் சுமந்து சேர்த்ததால் அந்த வேலையே இல்லாமல் போனது. பூச்சியியலாளர் ரஹ்மான் சையதின் ஆய்வு அது. இதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது பெரிய குறை.

அந்த வண்டு ஆண் பூவில்தான் பெருகும். ஆண் பூ குறைந்த இளங்காட்டில் காய்ப்பிடிப்பு சரிந்தால் முதலில் ஆண் பூக்கள் எத்தனை என்றுதான் எண்ணிப் பாருங்கள்.