பால் சுரக்கும் என்பதையும் சொல்லுங்கள்

குழந்தையை இழந்த வீட்டுக்குப் போனால் என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று நான் படித்த ஒரு கட்டுரை நன்றாகச் சொல்கிறது. அதில் தாயின் உடம்பைப் பற்றியும் எழுதியிருக்கலாம். நாலைந்து மாதத்துக்குமேல் கலைந்தாலும், குழந்தை இறந்தே பிறந்தாலும், இரண்டு மூன்று நாளில் பால் சுரந்துவிடும். பலருக்கு ரவிக்கை நனைந்த பிறகுதான் இது தெரியவருகிறது. பாவம், அந்த நேரத்தில் அவள் படும் பாடு!

துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள், பால் கட்டிக்கொண்டு சீழ் வைக்கும். மார்பைத் தாங்கும் உள்ளாடை, பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம், வலிக்குப் பாரசிட்டமால் போதும். விண்விண்ணென்று தெறித்தால் பாரம் குறையும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சலாம். முழுக்க எடுத்தால் இன்னும் சுரக்கும். பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது பற்றி 1988-இல் மருத்துவ ஆய்வே வந்திருக்கிறது. வைக்கலாம், தளர்வாக. ஓரிடம் சிவந்து காய்ச்சல் கண்டால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

தாயின் ரத்தம் நெகட்டிவ் வகையா என்று கர்ப்பகால அட்டையில் பாருங்கள். அப்படியானால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்குப் பாதிப்பு வராமல் காக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

வேலைக்குப் போகிறவர் என்றால், கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு சட்டப்படி உண்டு. மருத்துவச் சான்று வாங்கி வையுங்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டம் ‘குழந்தை’ என்பதில் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்தே சொன்னது. ‘பிள்ளைதான் இல்லையே, எதற்கு லீவு’ என்று அலுவலகத்தில் கேட்டால் இப்போது நடப்பிலுள்ள சட்டத்தைக் காட்டிப் பேசுங்கள். அதோடு, கிராம சுகாதார செவிலியரிடம் வீட்டில் ஒருவர் நேரில் விவரம் சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் தடுப்பூசித் தேதி கேட்டு அந்தத் தாய்க்கே போன் வரும்.