சிரிப்பு வாயு வேறு, முழு மயக்கம் வேறு

"பல் பிடுங்கக் கொடுக்கும் சிரிப்பு வாயு மூளையை ஒரு வாரம் மந்தமாக்கும், பரீட்சை நேரத்தில் பிள்ளைக்கு வேண்டாம்" என்று கும்பகோணத்து அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது தவறு. சிரிப்பு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடை மூச்சில் இழுக்கும்போது கவனம் சிதறும், கை கால் தாமதமாக இயங்கும், அப்போது கேட்டது மனதில் சரியாகப் பதியாது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அது ரத்தத்தில் அதிகம் கரையாத வாயு. நிறுத்திவிட்டு ஆக்சிஜன் கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு வழியாகவே பெரும்பாலும் வெளியேறிவிடும்.

முழு மயக்கம் அப்படியல்ல. ஹெர்னியா ஆபரேஷனுக்கு செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தை மூச்சில் வாங்கியவர், குறுவை அறுவடை அவசரம் என்று அன்று சாயங்காலமே டிராக்டர் ஏறக் கூடாது. குறைந்தது 24 மணி நேரம் வண்டி ஓட்டவே வேண்டாம்.

அப்புறம், நைட்ரஸ் ஆக்சைடு உடம்பில் உள்ள பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். பிள்ளைக்கு ஏற்கெனவே பி12 குறைவு இருந்தால் பல் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அண்ணே.