ஹாக்னியின் ஐபேட் ஓவியங்கள் ஏஐ வரைந்தவை அல்ல

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னியைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "டேவிட் ஹாக்னி மியூசியத்தில் மாட்டிய ஐபேட் படமெல்லாம் ஏஐ போட்டது. போட்டோவைக் கொடுத்து பட்டனைத் தட்டினால் வந்துவிடும்." இது தவறு.

லண்டன் ராயல் அகாடமியில் 2012-ல் மாட்டிய வோல்ட்கேட் (இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள ஒரு சாலை) வசந்தகால ஐபேட் படங்களை ஹாக்னி 2011-ல் வரைந்தார். எழுதிக் கொடுத்தால் படம் போடும் ஏஐ கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 வாக்கில்தான். 2021-ல் அங்கேயே நடந்த நார்மண்டி கண்காட்சியின் 116 படங்களும் 2020-ல் ஐபேடில் கையால் வரைந்தவை. இரண்டு கண்காட்சிகளின் விவரமும் அகாடமியின் இணையதளத்தில் இருக்கிறது.

அவர் பயன்படுத்திய பிரஷஸ் செயலி ஒவ்வொரு கோட்டையும் வரிசையாகப் பதிவு செய்யும். அந்தப் பதிவை ஓடவிட்டால் படம் கோடு கோடாக வளர்வது தெரியும். போட்டோவை உள்ளே இழுத்திருந்தால் முழு உருவமும் ஒரே நொடியில் வந்து விழும். புரோக்ரியேட் என்ற வரையும் செயலி வைத்திருக்கும் பிள்ளைகள் ஸ்பேனர் குறி, வீடியோ, டைம்லாப்ஸ் ரீப்ளே என்று தட்டி தங்கள் படத்திலேயே பார்க்கலாம். வரையத் தொடங்கும்முன் பதிவு அணைந்திருந்தால் மட்டும் காட்சி கிடைக்காது.

ஃபார்வர்டில் வந்த படம் வழவழப்பாகத் தெரிவது வாட்ஸ்அப் அதைச் சுருக்குவதால். சுருக்கும்போது மெல்லிய கோடுகள் கரைந்துவிடுகின்றன.

விரலால் வரைந்து பழகும் பிள்ளைகளை இந்தப் பொய் நோகடிக்கிறது. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.