பயண முகவர்மாரே, கடல் படத்தைக் காட்டிக் காசு வாங்கினீங்கள், பாசியை ஏன் சொல்லேல்லை?

கரீபியனுக்குப் போக எது நல்ல மாசம் எண்டு கேட்டால் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் படிக்கினம்: டிசம்பரிலை இருந்து ஏப்ரல் வரை. ஆருக்கு நல்லது? ரொறன்ரோவிலை பள்ளிக்கூடம் போற ரெண்டு பிள்ளையளை வைச்சிருக்கிற எங்களுக்கு அதுக்குள்ள கிடைக்கிறது நத்தார் லீவும் மார்ச் லீவும்தான். அந்த நாளுகளிலை விலை கிட்டப் போகேலாது. மிச்சம் ஜூலை, ஆகஸ்ட்.

"ஜூலை முதல் கிழமை பயப்பிடாமல் போங்கோ அண்ணை, புயல் எல்லாம் ஆகஸ்ட் கடைசியிலைதான்" எண்டார் ரிக்கெற் போட்டுத் தந்த தம்பி. புயல் காலம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 மட்டும். செப்டெம்பரிலைதான் உச்சம், அது சரி. ஆனா 2024 ஜூலை 1ஆம் திகதி பெரில் புயல் கிரெனடாவின்ர கரியாகூ தீவைத் தரைமட்டமாக்கினது இவருக்குத் தெரியாதா? புயலுக்குப் பேர் வைச்ச பிறகு பயணக் காப்புறுதி எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது எண்டதையாவது சொல்லியிருக்கலாமே! நானாத் தேடி வாசிச்சுத்தான் அறிஞ்சனான்.

எங்களுக்குப் புயல் வரேல்லை. வந்தது பாசி.

டொமினிக்கன் குடியரசின்ர புன்டா கானாவிலை விடிய எழும்பி மகளோட கடற்கரைக்கு ஓடினால், மூக்கைப் பொத்த வேண்டிக் கிடக்கு. அழுகின முட்டை மணம். கரை முழுக்க முழங்கால் உயரத்துக்குச் சர்காசம் எண்ட மிதக்கிற கடற்பாசி. மிதிச்சால் அதிலை இருக்கிற சின்னச் சின்னக் காற்றுக் குமிழ் காலுக்குள்ள படபடவெண்டு வெடிக்குது. தண்ணி வெறும் தேத்தண்ணி நிறம். உழவு மெசின் ஒருபக்கம் வழிக்க, பாவம் அந்தப் பெடியங்கள் வெய்யிலுக்கை வைக்கோல் அள்ளுற பெரிய முள்ளுக்கரண்டியாலை அள்ளி அள்ளிக் கொட்டுறாங்கள். பின்னேரம் பார்த்தால் திரும்பவும் அதே குவியல். மீன் பார்க்க எண்டு வாங்கின கண்ணாடியை மகள் ஏழு நாளும் பெட்டிக்குள்ளை இருந்து எடுக்கவே இல்லை. அவளின்ர வெள்ளிச் சங்கிலி கறுத்துப் போச்சு.

திரும்பி வந்து அந்த ரிக்கெற் தம்பியிட்டைக் கேட்டால் "அது இயற்கை அண்ணை, நாங்கள் என்ன செய்யிறது?" எண்டு பதில். எனக்கு வந்த கோபம்! 2011இலை இருந்து அநேகமா ஒவ்வொரு வருசமும் வசந்தத்திலையும் கோடையிலையும் அட்லாண்டிக்கிலை இருந்து இந்தப் பாசி வருது. தெற்கு புளோரிடா பல்கலைக்கழகம் செய்மதிப் படம் பார்த்து மாசாமாசம் அறிக்கை விடுது. இதையே தொழிலாச் செய்யிறவைக்கு அதைத் திறந்து பார்க்க அஞ்சு நிமிசம் இல்லையா?

கரீபியன் எண்டது ஒரு ஊரில்லை. பஹாமாஸிலை இருந்து ட்ரினிடாட் மட்டும் நீண்டு கிடக்கு. அரூபா தெற்கிலை, புயல் பாதைக்கு வெளியிலை கிடக்கிற காய்ஞ்ச தீவு; புயல் அங்கை அபூர்வமாத்தான் தட்டும். அதே டொமினிக்கன் குடியரசிலை, புன்டா கானாவிலை இருந்து ஒரு மணித்தியாலம் ஓடினால் பயாயிபே. அட்லாண்டிக்குக்கு முகம் காட்டாத கரை எண்டதாலை பாசி அங்கை நல்லாக் குறைவாம். இதைச் சொன்னது எங்களை விமான நிலையத்துக்கு ஏத்திக்கொண்டு போன சாரதி. அதுவும் கடைசி நாள்!

ஒரு வருசமா ஓவர்டைம் செய்து சேர்த்த காசு இது. எந்த மாசம் எண்டு கேட்கிற சனத்திட்டை எந்தத் தீவு, எந்தப் பக்கக் கரை எண்டு திருப்பிக் கேளுங்கோ. அந்த ஹொட்டேலின்ர ஜூலை மாசப் படத்தைக் காட்டுங்கோ, பெப்ரவரியிலை எடுத்த படத்தை இல்லை.