குடல் நோய்க்கு ஸ்டீராய்டு மட்டும் போதாது

குடல் நோய் பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட் எளிதில் கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்கு எளிதில் கிடைத்துவிடுகிற ஒரே மருந்து ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. மலிவு, எந்த டாக்டரும் எழுதித் தருவார், சில நாளில் ரத்தப்போக்கு குறையும், பசி எடுக்கும், வேலைக்கும் போகலாம். அதனாலேயே அது பலருக்கு முழுநேர வைத்தியமாகிவிடுகிறது. பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி ரத்தம் போகிற அல்சரேட்டிவ் கோலைட்டிஸோடு காலம் தள்ளுகிற எனக்கு இதில்தான் பெரிய கோபம்.

ஸ்டீராய்டை நான் குறை சொல்லவில்லை. 1955ல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து, இந்த நோய் முற்றியவர்களைக்கூட காப்பாற்றலாம் என்று காட்டினார்கள். ஆனால் அது தீயை அணைக்கும், மறுபடி பற்றாமல் பார்த்துக்கொள்ளாது. மாதக்கணக்கில் விழுங்கினால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை வரும். சரி, வேண்டாம் என்று ஒரே நாளில் நிறுத்தவும் முடியாது, உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டை அதற்குள் குறைத்திருக்கும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

அப்புறம் என்னதான் செய்வது? ஊசி மருந்துகள் எட்டாக்கனியாக இருந்தாலும் பழைய மாத்திரைகள் இருக்கின்றன. சல்ஃபாசலசின் 1940களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, சல்ஃபா ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு, கூடவே ஃபோலிக் அமிலம் சேர்த்தால், இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. நோய் மலக்குடலோடு நிற்கிறது என்றால் மெசலமின் என்ற மருந்தை ஆசனவாயில் வைத்துக்கொள்கிற சப்போசிட்டரி, வாயால் விழுங்குகிற மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும், இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தால் எனிமா. ஆனால் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கூச்சம்! ராத்திரி படுக்கப்போகும்போது இடது பக்கமாகச் சாய்ந்து, கீழே ஒரு பழைய துண்டை விரித்து, எனிமாவை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்டீராய்டில் முகம் ஊதிப்போய் அலைகிறவர்கள் எத்தனை பேர்.

இன்னொன்று, வயிறு அடங்கியதும் சல்ஃபாசலசின் மாதிரி மாத்திரையை விட்டுவிடுவது. வாங்கப் போவதே ஒரு நாள் வேலை என்றால் நன்றாக இருக்கும்போது யாருக்குத்தான் போகத் தோன்றும், புரிகிறது. ஆனால் அந்த மாத்திரையால்தான் வயிறு அடங்கியே இருக்கிறது.

நோய் எவ்வளவு தீவிரம் என்று பார்க்க அதே ட்ரூலவும் விட்ஸும் சொன்ன அளவுகோலுக்குப் பெரும்பாலும் ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறது, கூடவே காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது அல்லது நாடி நிமிடத்துக்கு 90க்கு மேல் துடிக்கிறது என்றால் நோய் தீவிரமாகிவிட்டது. தெர்மாமீட்டரும் வினாடி முள் ஓடுகிற ஒரு கடிகாரமும் போதும். அன்றைக்கு எவ்வளவு தூரமானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். போக்கை நிறுத்துகிறேன் என்று லோபரமைடு போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்கக் கூடாது, பெருங்குடல் ஊதிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமும் போகாமலிருப்பது நல்லது, பாராசிட்டமால் பரவாயில்லை.

இன்னும் நோய் பெயரே தெரியாமல் மூலம், அஜீரணம் என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடவைக்கிற வயிற்றுப்போக்கு, ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதெல்லாம் வெறும் அஜீரணம் இல்லை. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபி ஒரு முறையாவது செய்தே ஆக வேண்டும், துளி சதை எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸியோடு. குடல் காசநோய், கிரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் மாதிரியே வேஷம் போடும், அதைத் தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய்தான் கொழுக்கும். அந்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள், எந்த மருந்து எந்த அளவில் எப்போது தொடங்கியது என்பதையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் புது டாக்டர் முன்னால் உட்கார வேண்டியிருக்கிற நமக்கு, அது இல்லையென்றால் மறுபடி ப்ரெட்னிசோலோன் சீட்டுதான் கிடைக்கும்.