எந்த மாத்திரைய நிறுத்தணும் டாக்டர்?

அம்மாவுக்கு ரெண்டு காலும் வீங்கியிருக்கு. 2021 கொரோனா சமயம், தளர்வே இல்லாத ஊரடங்கு. சரி, வீடியோவுல டாக்டரைப் பார்த்துடலாம்னு காசைக் கட்டியாச்சு. கட்டின உடனே ஆப்புல இருந்து அறிவுரை வருது. வெளிச்சமான இடத்துல உட்காருங்க, பிபி, சுகர் அளவை எழுதி வைங்க, சாப்பிடற மாத்திரையைக் கையில வைங்க. வெச்சோம்யா. எல்லாத்தையும் வெச்சோம். டாக்டரைத்தான் காணோம்.

அரை மணி நேரம் கழிச்சு வந்தாரு. "காலைக் காட்டுங்க." காட்டினோம். "இன்னும் கிட்ட." கிட்டக் கொண்டு போனா, "கறுப்பா இருக்கே." அது என் கட்டைவிரல் நிழல். "அழுத்திப் பாருங்க, குழி விழுதா?" விழுது டாக்டர். "எங்கே, காட்டுங்க." நான் கேமராவைத் திருப்பறதுக்குள்ள குழி மேல வந்துடுச்சு. மறுபடி அழுத்து. அம்மா வலியோட வலியா, "தம்பி சாப்பிட்டாச்சா?"ன்னு டாக்டரை விசாரிக்கறாங்க.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" இதோ அட்டை. மெடிக்கல் ஷாப்ல கத்தரியால நறுக்கிக் கொடுத்த நாலு மாத்திரைத் துண்டு. முழுப் பேரும் மிச்ச அட்டையோட கடையிலேயே தங்கிடுச்சு. நம்மகிட்ட வந்தது "...பின் 5". அதைப் பார்த்ததும் டாக்டர் முகத்துல ஒரு தெளிவு. "ஓ, அதுவா! பிபி மாத்திரை சிலதால கால் வீங்கும்மா. பயப்படாதீங்க. நீங்க என்ன பண்றீங்கன்னா, அந்த..."

உறைஞ்சிட்டாரு. வாயைத் திறந்தபடி. சுத்துது, சுத்துது, சுத்துது. அப்புறம் குரல் மட்டும் வருது: "...மட்டும் இன்னிக்கே நிறுத்திடுங்க, மத்ததை விட்டுடவே கூடாது, சரியா?"

எதை டாக்டர்? அம்மா சாப்பிடறதுல பிபிக்கே ரெண்டு இருக்கு!

"உங்கள் ஆலோசனை இனிதே நிறைவடைந்தது. மருத்துவருக்கு எத்தனை நட்சத்திரம்?"

வீடியோ அறுந்தா ஒரு போன் அடிச்சுச் சொல்றதுல என்ன குறைஞ்சிடும்? 2020 மார்ச் 25-ல மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்லயே வீடியோ, குரல், எழுத்து மூணுக்கும் இடம் இருக்கு. ஆனா டாக்டர் நம்பரைத் தரமாட்டாங்களாம், கொள்கையாம். மருந்துச் சீட்டாவது வரும்னு பார்த்தா, வந்துச்சு ஒரு மங்கல் போட்டோ. நிறுத்தவேண்டியதைப் பத்தி மூச்சே இல்ல, புதுசா ஒண்ணு மட்டும் எழுதியிருக்கு. கடைக்காரர் ரெண்டு விரலால பெருசாக்கிப் பார்த்துட்டு, "டாக்டர் பதிவு எண் இல்லையே, தரமுடியாது"ன்னுட்டாரு. அவர் பண்ணது சரிதான். சீட்டுல பதிவு எண் இருக்கணும்னு அதே வழிகாட்டுதல் சொல்லுது. அட்டையை நறுக்கறதுக்குத்தான் எந்த விதியும் இவர் கண்ணுல படல போல.

கஸ்டமர் கேருக்குப் போட்டா, மணி அடிக்கறதுக்கு முன்னாடி தடுப்பூசி போட்டுக்கச் சொல்லி ஒரு நீள உபதேசம். எங்கேம்மா இருக்கு ஊசி? 2021 மே மாசம் டெல்லி உயர் நீதிமன்றமே இந்த காலர் ட்யூன் எரிச்சலா இருக்குன்னு சொல்லிடுச்சு. கைவசம் ஊசியே இல்லாம எத்தனை நாளைக்கு ஜனங்களைப் போட்டுக்கச் சொல்வீங்கன்னு கேட்டுச்சு. நிறுத்தினாங்களா? லைன் கிடைக்காது, வெச்சுட்டு மறுபடி போடு, மறுபடி முதல்ல இருந்து உபதேசம்.

ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டே இருந்த அம்மா சொல்றாங்க: "பாவம்டா அந்தப் பொண்ணு. எவ்வளவு நேரமாத் தனியாப் பேசிட்டிருக்கு, நீயாவது ஒரு வார்த்தை பதில் சொல்லேன்."